எட்டாவது கம்பி

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடுகிறது. பின்னங்கால் ஒன்றில் பசை விட்டுப்போயிருக்கிறது. என் கடையில் ஒரு நாள் போட்டிருந்தால் சரிசெய்து கொடுத்திருப்பேன். கோணலாக எதைப் பார்த்தாலும் என்னால் சும்மா இருக்க முடியாது, பிறவிக் குணம்.

கேட்டதையெல்லாம் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். நான் வருந்துவதாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அப்பாவும் அம்மாவும் போனபோது தம்பிக்கு ஏழு வயது. குளிப்பாட்டி, தலைவாரி, காய்ச்சல் வந்தால் கண்விழித்து வளர்த்தவன் நான். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. கிட்டார் பழுதுபார்க்கும் என் கடையின் பின்னறையில்தான் அவன் வாசிக்கக் கற்றான். ரெசொனேட்டர் கிட்டார் பார்த்திருக்கிறீர்களா? அதன் வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று இருக்கும். கம்பியின் அதிர்வு அதில் இறங்கி, அங்கிருந்துதான் சத்தம் எழும். தம்பி அதை மடியில் படுக்கப்போட்டு, இடக்கையில் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பான். கடையை மூடிய பிறகு எனக்காகக் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உடைசல் கிட்டார்களோடு மாரடித்தேன்.

பிறகு அந்தப் பாடகி வந்தாள். சொந்தமாக ஒரு குழு வைத்திருப்பவள்.

"அண்ணே, உங்க தம்பியக் கொஞ்ச நாளைக்கு இரவல் குடுங்க. ஊர் ஊராப் போகப் போறோம்."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன். என் கடையிலிருந்து இரவல் போன ஒரு திருப்புளிகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

தம்பி தலையைச் சொறிந்தான். "அவங்க பாட்டுக்கு ஆறு கம்பி பத்தலண்ணே. கீழ்ச்சுருதிக்கு இன்னும் ரெண்டு சேர்த்துக் குடு. எடுத்துக்கிட்டு நான் கிளம்பிடறேன்."

கிளம்பிடறேன் என்றான். போகட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை விட்டுப் போவதற்கு என் கையாலேயே கிட்டாரைத் தயார்செய்து தர வேண்டுமாம். எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

சரி என்றேன். வேலை சுத்தமாகவே நடந்தது. தலைப்பகுதியில் இரண்டு துளை போட்டு, கம்பியை இறுக்கும் முறுக்காணி பொருத்தினேன். கிண்ணத்தின்மேல் கம்பிகள் உட்காரும் மரத்துண்டில் எட்டுப் பள்ளம் புதிதாக அறுத்தேன். கடைசியில், கம்பிகளின் அடிமுனையை இழுத்துப் பிடித்திருக்கும் தகடு. அது ஆறு கம்பிக்கு அடித்த தகடு. எட்டு என்றால் கனமாக இன்னொன்று போட வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் அது தெரியும். நான் பழைய தகட்டிலேயே இரண்டு துளை போட்டேன்.

உங்கள் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதால்தான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷத் தொழிலில் கவனக்குறைவாக ஒரு திருகைக்கூட நான் முடுக்கியதில்லை. தகடு வளைகிற இடத்தில், கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில், அரத்தால் ராவி ராவித் தாள்போல ஆக்கினேன். மேல்பக்கத்துக்கு மெருகு போட்டேன்.

முதலில் அவன் கையைத்தான் நினைத்தேன். கை போனால் வாசிப்பும் போய்விடும். அப்புறம் கடையை மூடிவிட்டு நான் எதைக் கேட்பது? அதனால் கையை விட்டுவிட்டேன். கண் தெரியாதவன் ஊர் ஊராக அலைய மாட்டான். வீட்டோடு இருப்பான். சின்ன வயதில் நடந்த மாதிரி அண்ணன் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பான்.

சுருதி சேர்க்கும்போது முகத்தைக் கம்பிகளின்மேல் கவிழ்த்துக் கேட்பது அவன் வழக்கம். "கிட்டாருக்கு முத்தம் குடுக்கிறியாடா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன். ஏழு கம்பியை நானே தளர்வாக ஏற்றி வைத்தேன்.

"எட்டாவத நீயே போட்டு எல்லாத்தையும் முறுக்குடா. நல்லா கிட்டக்க வெச்சுக் கேளு."

சந்தோஷமாகக் குனிந்தான். தகடு நான் நினைத்த இடத்திலேயே விட்டு, கம்பிகளோடு தெறித்து அவன் கண்களில் அடித்தது.

துண்டால் முகத்தை அழுத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியது நான்தான். "விட்டுட்டுப் போயிடாதண்ணே" என்று என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சொன்னதே இல்லை. மனசு நிறைந்துவிட்டது எனக்கு.

ஒன்றைத்தான் நான் யோசிக்கவில்லை. அவன் கண்ணால் வாசிக்கிறவன் இல்லை. கட்டுப் பிரித்த வாரமே பாடகி வந்து நின்றாள். நான் குறுக்கே போனேன்.

"வாசிக்கக் கை இருக்கேண்ணே, கண்ணு எதுக்கு?" என்று தம்பி சிரித்தான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். கிட்டாரும் போயிற்று. வேறொரு கடையில் புதுத் தகடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கடைக்காரன்தான் பழைய தகட்டை உங்களிடம் கொண்டுவந்து, ஆள் கவனக்குறைவு என்று சொல்லியிருக்கிறான்.

இப்போது மேடைக்கு மேடை கைதட்டலாம். தட்டட்டும். என் தம்பியின் கிட்டாரில் இன்னொருவன் கைபட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தம்பி அதை என்னிடம் கொண்டுவந்திருக்கலாம். எட்டுக் கம்பியையும் ஆயுசுக்கும் தாங்குகிற மாதிரி ஒரு தகடு நானே செய்து கொடுத்திருப்பேன். அவன் விஷயத்தில் நான் எதிலாவது குறை வைத்திருக்கிறேனா?