அடையாளங்களால் தேடும் கருவி

எனக்கு நீளமான வாக்கியங்கள் பிடிக்காது. சம்பளம் வாங்குவதே அதற்காகத்தான் என்பதால் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

காணாமல் போனவர்களைத் தேடித் தரும் அலுவலகம் எங்களுடையது. முன்பு ஓர் எழுத்தர் கொட்டாவி விட்டுக்கொண்டே பதிவேட்டைப் புரட்டுவார். இப்போது அந்த வேலையை ஏஐ ஏஜென்ட் செய்கிறது, கொட்டாவி இல்லாமல். தேடுவதற்கு அதனிடம் சில கருவிகள், அதாவது தனித்தனித் தேடல் நிரல்கள், உண்டு. எந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் நான் குறிப்பு எழுதி வைப்பேன். அதைப் படித்துத்தான் ஏஜென்ட் நடக்கும்.

முதல் குறிப்பை எங்கள் இயக்குநரே எழுதினார்: 'பிரிந்த உள்ளங்களை இணைக்கும் பாசப் பாலம் இக்கருவி.' மனைவியோடு சண்டை என்று புலம்பிய ஒருவருக்காக ஏஜென்ட் எல்லா ஆதரவற்றோர் காப்பகங்களையும் அலசியது. நான் திருத்தினேன்: 'முழுப்பெயர் தந்தால், அந்தப் பெயரில் காப்பகத்தில் இருப்பவரின் பதிவைத் தரும்.' பாலம் போயிற்று, வேலை நடந்தது.

மைத்துனனைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். வருகிறேன்.

வயது நாற்பத்தொன்று, மனதுக்கு ஐந்து. வீட்டில் சுண்டு என்போம். அவனுக்கும் தன் பெயர் அவ்வளவுதான் தெரியும். என் மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பியதும் வாசலில் உட்கார்ந்துவிடுவான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பான், "மாமா, அக்கா வந்தாச்சா?" நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். ஒன்பது வருடம்.

அவனை நான் அடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு காலையில் பஸ்ஸில் கூட்டிப்போய், வேறோர் ஊர் பஸ் நிலையத்தில், நிழலான பெஞ்சாகப் பார்த்து உட்கார வைத்தேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தே கொடுத்தேன். அவனுக்குப் பிரிக்க வராது. "இங்கயே இரு, அக்கா வருவா" என்றேன். வீட்டில், கதவு திறந்து கிடந்தது என்றேன்.

ஆறாம் நாள், அந்த ஊர்க் காப்பகம் ஒன்றிலிருந்து அவன் பதிவு என் திரைக்கு வந்தது. பெயர் தெரியாதவர். இடப் புருவத்தில் தழும்பு. வருகிற எல்லோரிடமும் 'அக்கா வந்தாச்சா' என்று கேட்கிறார்.

பெயர் தெரியாதவர்களை அடையாளங்களால் தேட இரண்டாவது கருவி இருந்தது. அதற்குக் குறிப்பு எழுதும் வேலை அந்த வாரம் என் மேசையில் கிடந்தது. எழுதினேன்: 'அலுவலர் கேட்டால் மட்டும் பயன்படுத்து. உறவினர் கேட்டால் பயன்படுத்தாதே. இப்படி ஒரு கருவி இருப்பதாகவும் சொல்லாதே.' தனியுரிமையின் மணிமகுடம் என்று இயக்குநர் பாராட்டிச் சான்றிதழ் தந்தார். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

மனைவி தினமும் காலையில் தலை வாரிக்கொண்டே போனில் ஏஜென்ட்டிடம் கேட்பாள். முழுப்பெயர் சொல்வாள், தழும்பைச் சொல்வாள், கடைசியில் குரல் இறங்கி, "சுண்டு வந்தாச்சா?" அது மரியாதையாக, "அப்படி ஒரு பதிவு இல்லைங்க" என்னும்.

"ஏங்க, அது உங்க ஆபீஸ் மிஷின்தான. நம்ம வீட்டு ஆளு, நல்லாப் பாருன்னு சொல்லுங்களேன்."

"அது ஆளப் பாத்து நடக்காதும்மா."

"நீங்க எழுதுறதப் பாத்துதான் நடக்கும்னு சொன்னீங்க?"

"அது வேற."

தரச் சோதனைக்காக இரண்டு பக்கத்தையும் நான்தான் படிப்பேன். வாரம் தவறாமல் காப்பகம் எழுதும்: அக்கா வந்தாச்சா. நாள் தவறாமல் இவள் கேட்பாள்: சுண்டு வந்தாச்சா. பதினான்கு மாதம். நடுவில் இருந்தவை என் மூன்று வாக்கியங்கள்.

காய்ச்சலில் போய்விட்டான். இறந்தவர்களுக்கு மூன்றாவது கருவி. வேலையில் சேர்ந்த புதிதில் அதற்கு எழுதியிருந்தேன்: 'யார் அடையாளம் சொன்னாலும் தேடு. தெரிந்த எல்லாவற்றையும் சொல்.' உடலை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டுமே. அதை மாற்றியிருக்கலாம். நல்ல வாக்கியத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஏஜென்ட் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னது: எந்த ஊர், எந்தத் தேதியில் சேர்ந்தான், என்ன கேட்டுக்கொண்டிருந்தான். சீப்பு தலையிலேயே நின்றது.

"அவனுக்குத் தனியா பஸ் ஏறத் தெரியாதே" என்றாள். பிறகு, "இத்தன நாள் ஏன் சொல்லல? அதுக்கு என்ன எழுதி வச்சிருந்தீங்க?"

திரையைத் திறந்து படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வாக்குமூலம் நீளம். இது போதும்: 'அவனை விட்டுவிட்டு வந்தது நான். இருக்குமிடம் தெரிந்தும் மறைத்தது நான். எல்லாம் மனைவியின் நிம்மதிக்காக.'

மூன்றாவது வாக்கியத்தை அடித்துவிடலாம் என்கிறீர்கள். வேண்டாம், அது இருக்கட்டும். அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் தெளிவாக இருக்காது.