முடிச்சை மறைக்காத கைகள்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஐயா சோணைமுத்து அவர்களே! தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் ஆலையிலிருந்து நேரே வந்திருக்கும் அண்ணன்மார்களே! மடியில் பிள்ளையோடு மணலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணங்கி நிற்கிறேன்.

நான் செல்லத்தாய். உசிலம்பட்டிப் பக்கம். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். என்னண்ணே? சத்தமாப் பேசணுமா? பேசுறேன். மேடை எனக்குப் புதுசு, அதான்.

ஆலையில் நூல் சுற்றும் பகுதிக்கு நான் பதிலியாக வந்தேன். யாராவது வராத நாளில்தான் எனக்கு வேலை. அறுந்த நூலை முடிச்சுப் போட ஆறு மாதத்தில் கற்காவிட்டால் வெளியே! கற்க வழி இருந்ததா? நூல் அறுந்ததும் என் பக்கத்தில் நின்ற சீனியம்மாள் அக்காள் என்ன செய்தார்? முதுகைத் திருப்பிக்கொண்டார்! எல்லாரும் அப்படித்தான். “ஒனக்குக் காட்டிக் குடுத்தா, நாளைக்கு ஒன்னைய வச்சுக்கிட்டு என்னைய அனுப்பிருவாகடி” என்றார். பொய்யா? தேர்ந்த கையை அனுப்பிவிட்டுக் குறைந்த கூலிக்குப் புதுக் கையை வைப்பதுதானே அன்றைய வழக்கம்!

தலையைக் குனியாதீங்க சீனியக்கா. இன்னைக்கு உங்க கதைதான் பெருசு.

பழையவர்கள் மறைத்தார்கள், பதிலிகள் நாங்கள் தப்பு முடிச்சுப் போட்டோம். அது தறியில் அறுந்தது. நெசவாளர்கள் நூலைத் திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டு இயந்திரங்களில் நான்கு உறங்கின.

“காரணமின்றி எவரையும் நீக்காதே!” என்று சங்கம் எழுந்தது. பதினேழு நாள் ஆலை நின்றது. “அந்த விதி வந்தால் புதிதாக ஒருத்தியையும் எடுக்கமாட்டேன்” என்றார் மேலாளர். விதி பழையவர்களைக் காக்கும். பதிலியை யார் காப்பார்? என் ஆறு மாதத்தில் பத்தொன்பது நாளே மீதி!

மேலாளர் பணிந்தார், விதி வந்தது. மறுநாள் காலை நூல் அறுந்தது. சீனியம்மாள் திரும்பினார். முதுகைக் காட்டியா? இல்லை, முகத்தைக் காட்டி! “வாடி, நல்லாப் பாத்துக்க. எச்சி தொடாத. பெருவெரல்ல அமுக்கு, சுத்து, இழு.”

பத்தாம் நாள் என் முடிச்சு அறாமல் நின்றது! என் வேலை நிலைத்தது! நெசவாளர்களுக்குப் போன நூல் திரும்பி வரவில்லை. உறங்கிய நான்கும் ஓடின. ஓட்டக் கை வேண்டாமா? ஒருத்தியையும் எடுக்கமாட்டேன் என்ற மேலாளரே இன்று காலை வாசலில் எட்டுப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்! கேட்டீர்களா? எட்டு! காப்பு வந்தது, கற்பித்தல் வந்தது, வேலை வந்தது!

என் தடுமாற்றத்தையும் பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம். இறங்குமுன் ஒரு சொல். அந்த எட்டுப் பேரில் ஒருத்தி அதோ கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறாள். ஏ தங்கப்பொண்ணு! நாளைக்கு நீ என் பக்கத்துலதான் நிப்ப. பயப்படாம வா. என் முதுகு எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியவே போறதில்ல!