பெயிண்டர் வீட்டு அடிக்கட்டை

...அதைத்தாண்ணே நானும் கேக்குறேன்! களைக்கொல்லின்னு கொட்டை எழுத்துல போட்டு விக்கிறீங்களே, எதைக் கொன்னுச்சு? என் மானத்தைத்தான் கொன்னுச்சு. வெட்டின அடிக்கட்டை மறுபடி துளிர்க்காம இருக்க இதைத் தடவுன்னு நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க? தடவினேன். அது என்னடான்னா சுத்தியும் குச்சி குச்சியா கெளம்பி, இலை விட்டு, என்னைப் பாத்து தலையாட்டுது! நீங்க மத்தவங்களைக் கவனிங்கண்ணே, நான் நிக்குறேன். எனக்கென்ன அவசரம்? வீட்ல யாரு காத்துக்கிட்டிருக்கா?

சொல்லலையா உங்ககிட்ட? அட, கேளுங்க. வீட்டை ஒட்டி நின்ன அந்த மரத்தோட வேர் போயி பாத்ரூம் குழாய்க்குள்ள பூந்துடுச்சு. தண்ணி எறங்காது. குளிச்சா கணுக்கால் வரைக்கும் அழுக்குத் தண்ணி. என் வீட்டுக்காரி பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. "ஒண்ணு அந்த மரம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"னுட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. ரோஷக்காரி. நான் விடுவேனா? அன்னிக்கே ஆளைக் கூட்டியாந்து அறுத்துச் சாச்சுட்டேன். வந்தா. சிரிச்சா. நானும் வாய வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "இனி அது ஜென்மத்துக்கும் துளிர்க்காது, நான் கியாரண்டி"ன்னு சொல்லி வெச்சேன். துளிர்த்துச்சு. பெட்டியைத் தூக்கிட்டா.

இதுல என் சகலை வேற. தினம் போன் போட்டு, "சகலை, கட்டை எப்படி இருக்கு?"ன்னு ஆஸ்பத்திரில கெடக்குறவங்களை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறாரு. என்ன அக்கறைங்கிறீங்க? அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டாங்க, மனுசன் ஹால்ல பாய்ல கெடக்குறாரு. இடுப்பு வலியாம். எனக்கு மனசே வலிக்குது, நீங்க இடுப்பைப் பத்திப் பேசுறீங்களேன்னு கேட்டேன். வெச்சுட்டாரு.

என் வீட்டுக்காரி அவ தையல் மெஷினை மட்டும் இன்னும் எடுத்துட்டுப் போகலண்ணே. அது மூலையில இருக்குற வரைக்கும் வந்துடுவான்னு ஒரு தைரியம். ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பாப்பாளாம். ஒரே ஒரு இலை இருந்தாலும் மெஷினும் வண்டியில ஏறிடுமாம். சொன்னா செய்வா. அந்த மெஷின் சத்தம் இல்லாம எனக்குச் சோறே எறங்கலண்ணே, உண்மையைச் சொல்றேன்.

என்னது? சரியா தடவலையா? நானா? அண்ணே, தடவுறதுதாண்ணே என் தொழிலே! உங்க கடை ஷட்டர் யாரு அடிச்சது? நான். எத்தனை மழை பாத்திருக்கும், எங்கயாவது உரிஞ்சிருக்கா? நகத்தால சுரண்டிப் பாருங்க. சுரண்டுங்கண்ணே! வராது. என் வேலையைத் தாண்டி ஒரு சொட்டு உள்ள போகாது.

அறுத்த உடனே தடவணும்னு சொன்னீங்க, ஒத்துக்கிறேன். உடனேதான் ஆரம்பிச்சேன். அறுத்தவன் ரம்பத்தைத் துடைக்கிறதுக்குள்ள நான் உப்புத்தாளோட உக்காந்துட்டேன். கன்னம் மாதிரி ஆக்கிட்டேன் அந்தக் கட்டையை. வெடிப்பை எல்லாம் பட்டி வெச்சு அடைச்சேன். எதிர்வீட்டுக்காரரு வந்து, "ஸ்டூலா இது, என்ன வெலை?"ன்னு கேட்டாரு! வேரோட இருக்குய்யான்னேன். அதுக்கப்புறம்தான் கையுறையைப் போட்டுக்கிட்டு உங்க மருந்தை எடுத்தேன். புது பிரஷ்ஷு. அவ்வளவு நேர்த்தியா தடவினேன், மருந்து அப்படியே முத்து முத்தா மேல நிக்குது. பாக்கக் கண்ணு ரெண்டும் போதல. மறுநாள் காலையில போயிப் பாக்குறேன், அப்பவும் அப்படியே நிக்குது! வீணாப் போகக் கூடாதுன்னு பஞ்சுல ஒத்தி ஒத்தி பாட்டில்லயே பிழிஞ்சுட்டேன். இந்தாங்க. நெறைய இருக்குல்ல? இத்தனை மருந்தைத் தடவியும் சாகலைன்னா அது போலி இல்லாம வேற என்ன?

ஏண்ணே கண்ணை மூடிக்கிறீங்க? வெயிலா?

பிரைமரா? அடிச்சேனே! பிரைமர் இல்லாம எவனாவது மரத்தைத் தொடுவானா? ரெண்டு கோட்டிங். காய விட்டு, அதுக்கு மேல லேசா ஒரு வார்னிஷ். மருந்து அதுக்கு மேல. இது சின்னப் புள்ளைக்கும் தெரியுமேண்ணே! வெறும் மரத்துமேல எதைத் தடவினாலும் அது அப்படியே குடிச்சிடும்ல?

...என்ன?

...குடிக்கணுமா?

இருங்க இருங்க. பட்டைக்கு உள்ளாற ஓரமா ஒரு வளையமா? அதுலதான் உசுரா? அது வழியா குடிச்சு... வேர் வரைக்கும் போயி... ஓ. ஓஹோ. அப்ப நான் அதுக்கு மழைக்கோட்டு மாட்டி விட்டுட்டு மேல தண்ணி ஊத்தியிருக்கேன்.

சிரிக்காதீங்கண்ணே. வழி சொல்லுங்க. மேலாப்ல வில்லை மாதிரி ஒரு துண்டை அறுத்துத் தள்ளிட்டு, அறுத்த கையோட இந்தப் புது பாட்டில் மருந்தைத் தடவணும். சரி. அந்தக் குச்சியையும் வெட்டி, வெட்டின எடத்துலயும் தடவணும். சரி. பிரைமர்? ...ஒரு கோட்டிங் கூடவா வேணாம்? ...தண்ணியா கலக்கி, லேசா? ...சரி, முறைக்காதீங்க.

வெறும் மரத்துமேலயாண்ணே! எனக்குக் கையே வராது. நீங்க வந்து தடவிக் குடுத்துடுங்களேன். அட, உள்ள போகாதீங்க! கதவை ஏன் சாத்துறீங்க? அண்ணே! இந்தக் கதவுக்கும் நான்தான் பெயிண்ட்டு!

போயிட்டாரு. சரி, அவளையே கூப்பிட வேண்டியதுதான்.

ஹலோ... நான்தான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேணாம், இன்னிக்கே வா. ...இல்ல, சாகல. நீதான் வந்து சாகடிக்கணும். ...எனக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன். ஆளு அறுப்பான், அறுத்த உடனே நீ மருந்தைத் தடவிடு, நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிறேன். ...ஏனா? அது வந்து... ...ஆமா. ...ரெண்டு கோட்டிங். ...வார்னிஷும்தான். ...உனக்கு யாரு சொன்னா? ...சரி, சிரி. அக்காகிட்டயும் சொல்லிச் சிரி. சகலையை எழுப்பிச் சொல்லிச் சிரி. சிரிச்சு முடிச்சுட்டு வா. ...இல்ல இல்ல, முடிக்க வேணாம். சிரிச்சுக்கிட்டே வா.