அறுபத்து மூன்று எண்கள்

2023 மார்ச் 14, மலேசியாவின் பாசிர் கூடாங். திரவ ரசாயனங்களைச் சேமித்து வைக்கும் எங்கள் தொட்டி வளாகத்தின் கட்டுப்பாட்டு அறைக் கணினிக்கு, இயங்குதளத்தின் அசல் உரிமம் ஒன்று வாங்கப்பட்டது.

உரிமம் என்பது ஒரு சிறிய அட்டை. அதில் எழுத்தும் எண்ணும் கலந்து இருபத்தைந்து இருக்கும். நான்தான் கையெழுத்திட்டு வாங்கினேன். என் பெயர் ரூபேந்திரன். அந்த வளாகத்தில் கணினி வேலைக்கு நான் ஒருவன்தான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்கூடாயிலிருந்து ஆறே காலுக்குக் கிளம்பினால்தான் நெரிசலைத் தாண்டி எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார முடியும். உட்கார்ந்ததும் பாதிக் களைப்பு வந்துவிட்டிருக்கும். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நிலவரத்தைச் சொல்கிறேன்.

கட்டுப்பாட்டு அறையின் பழைய கணினி அந்த ஜனவரியில் செத்துப்போனது. புதியதில் அவசரத்துக்கு இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பை ஏற்றினேன். அதுவும் சட்டப்படி சரியானதுதான். நூற்றெண்பது நாள் ஓடும். அதற்குள் அசல் உரிமம் வந்துவிடும் என்று நினைத்தேன். வந்துவிட்டது. அதைச் செயல்படுத்துவதுதான் பாக்கி.

உங்கள் வீட்டில் என்றால் இது இரண்டு நிமிட வேலை. எங்கள் வளாகத்தில் அந்தக் கணினிக்கு இணையம் கிடையாது, பாதுகாப்பு விதி. கைப்பேசியையும் வாயிலிலேயே கொடுத்துவிட வேண்டும், ஒரு பொறி போதும் என்பதால். ஆகவே தொலைபேசி வழியாகச் செய்ய வேண்டும். கணினி திரையில் அறுபத்து மூன்று எண்களைக் காட்டும். அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு, வெயிலில் கால் மணி நேரம் நடந்து, வாயிலுக்கு வெளியே இருக்கும் என் அலுவலகத்துக்குப் போய், ஒரு பதிவுக் குரலிடம் ஒப்பிக்க வேண்டும். அது நாற்பத்தெட்டு எண்களைத் திருப்பிச் சொல்லும். அவற்றோடு மறுபடி கால் மணி நேரம் நடை. ஏப்ரலில் ஒரு முறை முயன்றேன். எங்கோ ஓர் எண் தவறு, குரல் ஏற்கவில்லை. அட்டையை மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஜூலையில் நூற்றெண்பது நாள் முடிந்தது. அதன் பிறகு அந்தப் பதிப்பு மணிக்கு ஒரு முறை தானாக அணைந்துவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

அந்தக் கணினி ஒரே ஒரு வேலைதான் செய்தது. தொட்டிகளைச் சுற்றியுள்ள வாயு உணரிகளைப் பார்த்துக்கொண்டிருந்து, அளவு மீறினால் சங்கு ஊத வைக்கும். அணைந்தால் கையால்தான் மறுபடி போட வேண்டும், மீண்டு வர ஆறு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடமும் சங்கு ஊதாது.

அதற்கு முன்னால் உட்காருபவர் சபாபதி அண்ணன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. முட்டை வேகவைக்கும் டைமர் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். கணினி எழுந்ததும் அதை ஐம்பத்தைந்து நிமிடத்துக்குத் திருகி வைப்பார். மணியடித்ததும், பொறி எழாதபடி செய்த வளாக வாக்கி-டாக்கியில், "யாரும் எறங்காதீங்க, எறங்கினவங்க மேல வாங்க" என்று பம்ப் குழிகளில் இறங்கிச் சுத்தம் செய்யும் எல்லோரையும் நிறுத்தி வைப்பார். ஆறு வாரம் இப்படி ஓடியது. ஒரு நாளும் அவர் தவறவில்லை.

துப்புரவுக் குழுவில் அவருடைய மச்சான் வேலு இருந்தான். அவர் மனைவி பேச்சியம்மாளின் கடைசித் தம்பி. அவரே சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டவன். நான் அறைக்குப் போகும்போதெல்லாம் அவன் கதவருகே நின்று வம்பிழுத்துக்கொண்டிருப்பான்.

"என்ன மாமா, ஒங்க கம்ப்யூட்டருக்கு மணிக்கொரு தடவ பிரேக்கா? யூனியன்ல சேத்துட்டீங்களா?"

"அது ஒன்ன மாதிரி லா. சொல்லாம கொள்ளாம ஓடிரும்."

"நான் தே குடிக்க ஓடுறேன். அது எதுக்கு ஓடுது?"

"சார் கிட்ட கேளு. அவர்தான் டாக்டர்."

நான் சிரித்தேன். அடுத்த வாரம் சரி செய்துவிடுகிறேன் என்றேன். சொன்னபோது அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை, அதைச் செய்யப் போனேன். இதை யாரும் எனக்கு வரவு வைக்கவில்லை. காலை ஒன்பது பத்துக்குக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். சபாபதி அண்ணன் அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்க மூன்றாம் எண் பம்ப் குழிக்குப் போயிருந்தார். எண்கள் தெரிய வேண்டிய திரை உறைந்து நின்றது. கணினியை அணைத்து மறுபடி போட்டேன். அது எழுந்தபோது ஒன்பது இருபது. அறுபத்து மூன்று எண்களையும் எழுதிக்கொண்டு கிளம்பினேன். வழியில் சபாபதி அண்ணன் தூரத்திலிருந்து கையசைத்தார். நானும் அசைத்தேன்.

வாயிலுக்கு வெளியே வந்து தாளைப் பார்த்தபோது, நான்காவது தொகுதியில் ஓர் எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. என் கையெழுத்துதான். திரும்ப நடக்க மனம் வரவில்லை. கேன்டீனில் உட்கார்ந்து ஒரு தே வாங்கினேன். நாளை பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியில் சபாபதி அண்ணன் கூப்பிட்டார். டைமர் அடித்தும் கணினி அணையவில்லை என்றார். பதில் சொன்னேன்.

நான் மறுபடி போட்டதால் அதன் மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. எட்டு ஐம்பதுக்கு எழுந்த கணினி ஒன்பது ஐம்பதுக்கு அணையும் என்பது அவர் கணக்கு. அது பத்து இருபதுக்கு அணையவிருந்தது. அவர் டைமரை இழுப்பறையில் போட்டுவிட்டு, ஆறு வாரத்தில் முதல் முறையாக, பத்து மணிக்கு நாசி லெமாக் சாப்பிடப் போனார்.

பத்து பதினேழுக்கு வேலு குழிக்குள் இறங்கினான். அவன் சட்டையில் மாட்ட வேண்டிய சிறிய வாயு மீட்டர் பழுதுபார்க்கப் போயிருந்தது. கட்டுப்பாட்டு அறையை நம்பித்தான் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். பத்து இருபதுக்குக் கணினி அணைந்தது. அதன் பிறகு குழிக்குள் வாயு சேர்ந்தது. மேலே காவலுக்கு நின்றவர் சங்கு ஊதினால் கூப்பிடலாம் என்று நின்றிருந்தார். பத்து இருபத்தெட்டுக்கு சபாபதி அண்ணன் அறைக்குத் திரும்பி, திரை கறுத்திருப்பதைப் பார்த்தார். வேலுவுக்கு இருபத்தாறு வயது.

அன்று மதியம் குழியைச் சுற்றித்தான் நாடா கட்டியிருந்தார்கள். கட்டுப்பாட்டு அறைக்கு அதிகாரிகள் மறுநாள்தான் வருவதாக இருந்தது. இரண்டு மணிக்கு அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். எண்களை நிதானமாக எழுதினேன். ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். நடந்தேன், ஒப்பித்தேன், திரும்பி நடந்தேன். முதல் முயற்சியிலேயே ஏற்றுக்கொண்டது. திரையின் மூலையில் ஆறு வாரமாக இருந்த எச்சரிக்கை வரி மறைந்தது. ஒரு மணி நேரமும் ஆகவில்லை. பிறகு, உரிமம் முடிந்ததால் நிறுத்தப்பட்டது என்று கணினி மணிக்கு மணி எழுதி வைத்திருந்த பதிவுகளைத் துடைத்தேன். அசல் உரிமம் ஏற்றிய கணினியில் பழைய குப்பை இருக்கக் கூடாது.

விசாரணையில் சபாபதி அண்ணன் நடந்ததை அப்படியே சொன்னார். மணிக்கு ஒரு முறை அணையும் என்றார். டைமரை எடுத்து மேசை மேல் வைத்தார். மணிக்கொரு முறை அவர் மேலே வரச் சொன்னது உண்மை, ஏன் என்று தெரியாது என்றார்கள் குழுவினர். அதிகாரிகள் கணினியை ஆறு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அணையவில்லை. வாக்கி-டாக்கியில் என்னிடம் கேட்டதாகச் சொன்னார். கேன்டீன் பக்கம் சத்தம் சரியாகக் கேட்காது என்றேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உரிமம் எப்போது வாங்கியது என்று கேட்டார்கள். மார்ச் 14 என்றேன். ரசீதைக் காட்டினேன். எப்போது செயல்படுத்தினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சங்கு தொல்லை என்று கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார் என்பது முடிவு. அவருக்கு வேலை போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் பேச்சியம்மாள் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அந்தக் கம்ப்யூட்டர் தானா நிக்குமா?"

"அக்கா, விசாரணையில எல்லாம்..."

"அவங்கள விடுங்க. நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. தானா நின்னுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் இப்பவே வீட்டுக்குப் போயி அந்த மனுசனுக்கு ஒல வைக்கிறேன். இல்லன்னா சொல்லுங்க. எங்க அம்மா வீட்டுக்குப் போயிர்றேன். தம்பியக் கொன்ன கைக்கு நான் சோறு போட முடியாது."

"அதுல அசல் லைசென்ஸ் இருக்குக்கா. அசல் போட்டது தானா நிக்காது."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் தலையாட்டினார். "நன்றி தம்பி" என்றார். அன்று மாலையே மகள் லோஷினியை அழைத்துக்கொண்டு செடெனாக்கிலுள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

சபாபதி அண்ணன் இப்போது ஸ்கூடாயில் ஒரு கடைவரிசையில் ஜாகாவாக, இரவுக் காவலாளியாக இருக்கிறார். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் பையில் ஒரு பழைய மடிக்கணினி.

"லோஷினி காலேஜ் சேருது சார். செகண்ட் ஹேண்ட்தான். மூலையில என்னமோ எழுதிக்கிட்டே இருக்கு. அசலாப் போட்டுக் குடுங்க, டூப்ளிகேட் வேணாம்."

"வைங்கண்ணே, பாக்கறேன்."

"நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம். சொன்னா வாங்காது. அவங்க மாமா ஒருத்தர் குடுத்து விடுவாரு."

காப்பி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது. அன்னிக்கு வாக்கி-டாக்கியில நீங்க எதாச்சும் சொன்னீங்களா, இல்ல நானாதான் நெனச்சுக்கிட்டேனா? இப்பல்லாம் யோசிச்சா, நானே கையால அமுக்கிட்டுப் போயிட்டேனோன்னு கூடத் தோணுது. வெரல் அமுக்குன மாதிரியே இருக்கு."

"எனக்கு ஞாபகம் இல்லண்ணே."

"இருக்காது லா. எத்தன வேல ஒங்களுக்கு." அவர் மிச்சக் காப்பியைக் குடித்தார். "நானாதான் இருக்கும்."

எனக்கு ஞாபகம் இருக்கிறது. "சார், சரி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆயிடுச்சுண்ணே. இனிமே நிக்காது" என்றேன். மறுநாள் எப்படியும் செய்யப்போகிற வேலை. ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு மடிக்கணினியைத் திறந்தேன். என் சொந்த உபயோகத்துக்கு வாங்கி வைத்திருந்த அசல் உரிமத்தை அதற்குப் போட்டேன். வீட்டில் இணையம் இருந்தது. இரண்டு நிமிடத்தில் முடிந்தது.