இருபது மீட்டருக்குள்ளே

ரிஸ்பர்: இப்பக் கையைத் தூக்கவா அக்கா?

டோர்சிலா: தூக்கு. தூக்கின கையை ஒடிச்சு உன் மடியிலயே வைக்கிறேன்.

ரிஸ்பர்: கேக்கத்தானே கூப்பிட்டிருக்காங்க... பந்தல் போட்டு, சோடா குடுத்து...

டோர்சிலா: சோடாவைக் குடி. வாய்க்கு வேலை இருக்கும்.

பொறியாளர்: பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குதாம்மா? போன கூட்டத்துல நீங்களேதான் சொன்னீங்க, பள்ளிக்கூடத்தைத் தொடாதீங்க, ஆத்துப் பக்கமா ரோட்டை அகலப்படுத்துங்கன்னு. ரோட்டுக் கோட்டை மாத்திட்டோம். இப்ப ஆத்துப் பக்கம் இருபது மீட்டருக்குள்ள வீடு, கடை, மரம், கல்லறை... எது இருந்தாலும் இன்னைக்கே சொல்லிருங்க. சாயங்காலம் வரைபடத்துக்கு முத்திரை வச்சுருவோம்.

ரிஸ்பர்: கல்லறைன்னாங்க.

டோர்சிலா: மரம்னும்தான் சொன்னாங்க.

ரிஸ்பர்: நம்ம வேலியைத் தாண்டி உள்ள அடிச்சிருக்காங்கக்கா முளையை. காலையில போய்ப் பாத்தேன். சிவப்புத் துணி கட்டி...

டோர்சிலா: அங்க எதுக்குப் போனே?

ரிஸ்பர்: சும்மா... கொய்யா மரத்தைப் பாக்க.

டோர்சிலா: கொய்யா மரத்துக்கா இப்படிப் பல்லு கிட்டுது உனக்கு?

ரிஸ்பர்: நீ மட்டும் என்னவாம்? என் முழங்கையைப் பிடிச்சிருக்கியே, நகம் பதியுது.

டோர்சிலா: ...மெதுவாப் பேசு. சக்களத்திங்க சண்டை போடுறாங்கன்னு முன்னால உக்காந்திருக்குற அந்தப் பிளிஸ்டா காதைத் தீட்டிட்டா.

ரிஸ்பர்: தீட்டட்டும். நம்ம வீட்டுக்காரரைப் பாரு, முன்வரிசையில. குழு உறுப்பினராம். நாற்காலி குடுத்ததும் முதுகு எப்படி நிமிந்துருச்சு!

டோர்சிலா: ஆத்துப் பக்கம் எடுத்துக்குங்கன்னு மொத ஆளாக் கை தூக்கினவராச்சே. ஊரே கை தட்டுச்சு.

ரிஸ்பர்: பாவம், அவருக்கு என்ன தெரியும்...

டோர்சிலா: என்ன தெரியணும்?

ரிஸ்பர்: ஒண்ணுமில்ல. அக்கா, கோருவா ஊர்ப் பக்கம் அந்த மஞ்ச இயந்திரம் தோண்டுச்சே... பாத்தியா?

டோர்சிலா: பாக்கலை.

ரிஸ்பர்: கல்லறை இருக்குன்னு யாரும் சொல்லாம விட்ட இடமாம். பல்லு பல்லா இருக்குற அந்த வாளி கீழ இறங்குச்சு. மேல வந்தப்போ பெட்டிப் பலகையும்... முழு ஆளோட காலெலும்பும்... கூட்டமே ஓடுச்சாம். பிள்ளைங்க போன்ல வச்சுக்கிட்டுச் சுத்துதுங்க. அன்னையிலேருந்து எனக்குச் சோறு இறங்கலை.

டோர்சிலா: அது பெரிய ஆளு. பெரிய எலும்பு. சின்னதுன்னா மண்ணோட மண்ணாப் போயிருக்கும். கல்லைக் கொட்டித் தாரை ஊத்தி மூடிட்டுப் போயிருவாங்க. எவனுக்கும் தெரியாது.

ரிஸ்பர்: ...எது சின்னது?

டோர்சிலா: எதுவும்.

ரிஸ்பர்: அக்கா.

டோர்சிலா: என்ன?

ரிஸ்பர்: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எது சின்னது?

டோர்சிலா: ...வெள்ளம் வந்த வருஷம். உன் மூணாவது.

ரிஸ்பர்: ஐயோ...

டோர்சிலா: அழாதே. எல்லாரும் பாக்குறாங்க. சோடா மூக்குல ஏறின மாதிரி துடைச்சுக்க.

ரிஸ்பர்: நீ அன்னைக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் சர்ச்சுக்குப் போயிருந்தியே!

டோர்சிலா: பாலம் முங்கிருச்சு. பாதியில திரும்பிட்டேன். சமையக்கட்டு ஜன்னல்லேருந்து பாத்தேன்... மழைக்குள்ள நீ மண்வெட்டியோட போனதை.

ரிஸ்பர்: மூணு நாள் முன்னாடியே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாரு. நான்தான் சந்தை முடியட்டும், மந்தாசி பொரிக்கப் பிசைஞ்ச மாவு வீணாப் போயிரும்னு... அவரு வெளியூர் போயிருந்த அன்னைக்கு மூச்சே இல்லாமப் பொறந்துச்சுக்கா. அவருகிட்ட எப்படிச் சொல்லுவேன்? ஆஸ்பத்திரியில பொறந்துச்சு, அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்கன்னு சொல்லிட்டேன். இத்தனை வருஷமா அதையே சொல்றேன்.

டோர்சிலா: தெரியும்.

ரிஸ்பர்: ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை...

டோர்சிலா: நாய் தோண்டாம மேல ரெண்டு கல்லு இருந்துச்சே, அது தானா வந்துதுன்னா நினைச்சே?

ரிஸ்பர்: நீயா வச்சே?... நான் எந்திரிச்சுச் சொல்லிடுறேன்க்கா.

டோர்சிலா: பேசாம உக்காரு. பிறப்பை மறைச்சா போலீஸ் கேஸு. அதுக்கு முன்னாடி அவங்கண்ணன் தம்பிங்க உன்னைப் பொட்டியோட ரோட்டுல நிறுத்துவாங்க. சாபம் பிடிச்சவள்னு சொல்லுவாங்க. உன் ரெண்டு பிள்ளையையும் உங்கிட்ட விடமாட்டாங்க.

ரிஸ்பர்: எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்த வாளி... அதோட பல்லு...

டோர்சிலா: கண்ணை மூடிக்க.

ரிஸ்பர்: மூடினாத்தான் தெரியுது.

பொறியாளர்: அடுத்தது நாப்பத்தி மூணாம் மனை. ஒபியேரோ ஐயா, நீங்க முன்னாடியே எழுதிக் குடுத்தது... ஒரு மந்தாசிக் கடை, ஒரு கொய்யா மரம். கல்லறை இல்லை. சரிதானே? தலையாட்டுறாரு. சரி. அந்த வீட்டுக்காரங்க வேற யாராவது இருக்கீங்களா?

டோர்சிலா: உக்காரு. ரிஸ்பர், உன் கால்ல விழறேன், உக்காரு.

ரிஸ்பர்: விடுக்கா.

டோர்சிலா: நீ சொன்னா அங்க தோண்டிப் பாப்பாங்கடி! ஊரு முன்னாடி தோண்டுவாங்க!

ரிஸ்பர்: சொல்லலைன்னாலும் தோண்டத்தான் போறாங்க. என் துணியை விடு... இஞ்சினியரம்மா! இங்க! பின்னாடி!

பொறியாளர்: சொல்லுங்கம்மா. நீங்க?

ரிஸ்பர்: ஒபியேரோவோட ரெண்டாவது சம்சாரம். எங்க மனையில... வேலி ஓரத்துல... இருக்கு.

பொறியாளர்: என்ன இருக்கும்மா?

ரிஸ்பர்: என் பிள்ளை.

பொறியாளர்: ...அமைதி. எல்லாரும் உக்காருங்க. ஒபியேரோ ஐயா, நீங்களும் உக்காருங்க, அவங்க பேசட்டும். அம்மா, பயப்படாதீங்க. இது போலீஸ் கூட்டம் இல்லை. இயந்திரம் அங்க வராது. நீங்க சொல்ற ஆளுங்க, உங்க பாதிரியார், கைமண்வெட்டி... அவ்வளவுதான். வேற இடத்துல வைக்கணும்னாலும் சரி, ரோட்டுக் கோட்டை வளைக்கணும்னாலும் சரி, உங்களைக் கேட்டுத்தான். என்ன வயசு பிள்ளைக்கு?

ரிஸ்பர்: வயசே இல்லைம்மா. பொறக்கும்போதே மூச்சில்லை. நான்தான் புதைச்சேன். அவருக்குத் தெரியாது. எங்கக்காவுக்கும் இதுல எதுவும் தெரியாது. அவங்களைக் கேக்காதீங்க. பிள்ளையே பெறாதவங்க, அவங்களுக்கு என்ன தெரியும்?

பொறியாளர்: சரிம்மா. நாப்பத்தி மூணாம் மனை, கல்லறை... ஒண்ணு. எழுதிக்கிறேன்.

டோர்சிலா: ரெண்டுன்னு எழுதுங்கம்மா. இவ வாக்கப்பட்டு வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி, அவரு கரும்பாலை வேலைக்குப் போயிருந்தப்போ... ஆறு மாசத்துலயே கலைஞ்சு போன பொம்பளைப் பிள்ளை. மாமியாருக்குப் பயந்து யாருகிட்டயும் மூச்சு விடலை, மலடின்னு சொன்னப்பவும் விடலை. அன்னைக்கு மழையில இவ மண்வெட்டி என் பிள்ளைக்கு ஒரு முழம் தள்ளித்தான் இறங்குச்சு.