பதினேழாம் எண் கொக்கி

மழைக்காலத்தில் தியேட்டர் நடத்துகிறவர்களுக்குப் படம் ஒரு தலைவலியே அல்ல, இன்ஸ்பெக்டர். கோட்டுகள்தான் தலைவலி. முந்நூறு கம்பளிக் கோட்டுகள் நனைந்து வந்தால் அரங்கம் முழுக்க ஆட்டுக்கொட்டில் வாடை அடிக்கும், நாற்காலி வெல்வெட் ஒரே குளிர்காலத்தில் பாழாகிவிடும். அதனால் எங்கள் ஸ்டியர்னன் தியேட்டரில் போர் முடிந்த வருஷமே ஒரு விதி போட்டேன். மேயரானாலும் சரி, என் வீட்டுக்காரர் விகோவானாலும் சரி, கோட்டைக் கழற்றி, கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கிற டாக்னியிடம் கொடுத்து, எண் பொறித்த பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

காபி ஆறுகிறது, குடியுங்கள். டாக்னி வியாழக்கிழமையிலிருந்து உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "விகோ ஐயாவை நான்தான் கொன்னேன், எழுதிக்கோங்க" என்று அடம்பிடிக்கிறாளாமே. ஐந்து வருஷத்துக்கு முந்தைய சாவு. நீங்கள் சும்மா ஒரு கையெழுத்துக்காக வந்திருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் அவள் சொல்வது தப்பு. ஆற அமரச் சொல்கிறேன்.

நம் டென்மார்க்கில் தியேட்டர் லைசென்ஸ் எப்படிக் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். கையில் காசு இருந்தால் போதாது, தகுதியான ஆள் என்று அமைச்சகத்துக்குத் தோன்ற வேண்டும். அது அந்த ஆளின் பெயரில் மட்டும்தான். அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் வேறொருவருக்குப் போய்விடும். இறந்துபோனால், நல்ல பெயரெடுத்தவரின் விதவை கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. போர் முடிந்ததும், ஜெர்மன்காரர்களை எதிர்த்து நின்றவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். எங்கள் திரைக்குப் பின்னால் ஒரு யூதக் குடும்பம் ஒன்பது நாள் ஒளிந்திருந்து, மீன்படகில் ஸ்வீடன் போய்ச் சேர்ந்த கதை ஊரறிந்தது. விகோ அப்போது மேனேஜர். விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். 'எங்கள் தியேட்டர் அவர்களைக் காப்பாற்றியது' என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

காப்பாற்றிய ஆள் யார் என்று அமைச்சகம் கேட்கவில்லை. படம் ஓட்டுகிற ஐனார்தான் அது, டாக்னியின் கணவன். அடுத்த மாதமே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. வாயே திறக்காத மனிதன், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. விகோவுக்கே அவன் போன பிறகு, திரைக்குப் பின்னால் கிடந்த பால்புட்டியைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. லைசென்ஸ் வந்ததும் டாக்னிக்குக் கோட்டறையில் வேலை போட்டுக் கொடுத்தோம்.

"ஐயா மாதிரி ஒரு வீரர்கிட்ட என் வீட்டுக்காரர் வேலை பாத்தாரேன்னு பெருமையா இருக்கும்மா," என்பாள். அப்போதெல்லாம் விகோவின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

ஏழு வருஷம் மென்று விழுங்கியவர், ஐம்பத்திரண்டு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் போட்டு உடைத்தார்.

"போதும் கெர்டா. அமைச்சகத்துக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன். நாளைக்குத் தபால்ல போடறேன். லைசென்ஸ் டாக்னிக்குப் போகட்டும்."

"டாக்னிக்கா? அவளுக்கு ஒரு படச்சுருளோட தலை எது, வால் எதுன்னு தெரியுமா?"

"கத்துக்குவா. உனக்கும் எனக்கும் மட்டும் பொறக்கும்போதே தெரிஞ்சுதா?"

"சரி, இன்னொரு துண்டு கேக் வச்சுக்கோங்க," என்றேன். நான் சண்டை போடுகிற ரகம் அல்ல.

மழையில் தியேட்டருக்கு நடந்தோம். வாசலில் அவருடைய கோட்டை நானே வாங்கிக்கொண்டு, பதினேழாம் எண் வில்லையைக் கையில் கொடுத்தேன். அவருடைய கொக்கி எப்போதும் அதுதான். ஒரு பையில் கடிதம், இன்னொரு பையில் நெஞ்சுவலி மாத்திரைப் புட்டி. டாக்னி கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் பிறகு அவள் கண்ணில் படாமல் எடுக்க வேண்டுமே என்று, கோட்டைக் கடைசி வரிசையில், இருநூற்றுப் பன்னிரண்டாம் கொக்கியில், ஏதோ பண்ணைக்காரரின் பெரிய கோட்டுக்கு அடியில் மாட்டினேன். மாத்திரை என் நினைப்பிலேயே இல்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு மணிக் காட்சி. நல்ல சிரிப்புப் படம், ஒரு நாற்காலி காலியில்லை. பாதிப் படத்தில் விகோ எழுந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கோட்டு… மாத்திரை…"

"டாக்னி, பதினேழு. சீக்கிரம்," என்று நானே குரல் கொடுத்தேன். பழக்கத்தில் வாயில் அந்த எண்தான் வந்தது.

"அம்மா, பதினேழுல இல்லையேம்மா."

"நல்லாப் பாரு."

ஒவ்வொரு கோட்டாகத் தடவிக்கொண்டு போனாள். அழுதுகொண்டே தேடினாள் என்று நினைக்கிறேன். நான் விகோவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது உள்ளே ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தேர்ந்தெடுத்த படம், நான் போட்ட நாற்காலி. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு அந்த இடத்தை இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? சிரிப்பு கொஞ்சம் ஓயட்டும் என்று இருந்தேன். ஓய்வதற்குள் விகோ போய்விட்டார்.

டாக்னி டாக்டரைக் கூப்பிட மழையில் ஓடினாள். அதற்குள் கடிதத்தை முன்கூடத்து அடுப்பில் போட்டேன். கோட்டைக் கொண்டுபோய்ப் பதினேழில் மாட்டினேன். அது இருக்க வேண்டிய இடம் அதுதானே. திரும்பி வந்தவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இங்கயேதான் இருந்துச்சு டாக்னி," என்றேன், மெதுவாகத்தான். "பதட்டத்துல உன் கண்ணுல படல. விடு."

அவளை நான் திட்டவில்லை, வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் அவளைக் கட்டிக்கொண்டு, மன்னித்துவிட்டேன் என்றேன். ஊரே என் பெருந்தன்மையைப் பற்றிப் பேசியது. பாதிரியார் அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். வசந்தம் வருவதற்குள் லைசென்ஸும் என் பெயருக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து டாக்னியைப் போல ஒருத்தி இந்த நாட்டிலேயே கிடையாது. ஐந்து வருஷத்தில் ஒரு கையுறைகூடத் தொலைந்ததில்லை. பதினேழில் மட்டும் எதையும் மாட்ட மாட்டாள், ஆனால் காட்சிக்கு மூன்று தடவை போய் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பாள். கொஞ்சம் இளைத்துவிட்டாள், அவ்வளவுதான். புதன்கிழமை வந்து, "இனிமே என்னால முடியாதும்மா, போலீஸ்ல சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்," என்றாள். கோட்டறைக்குள் இனிக் கால் வைக்க மாட்டாளாம். அவளுக்குப் பதில் நேற்று ஒரு பெண்ணைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் அடுத்தவர் கோட்டோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்போதே முடிவு செய்தேன், உண்மையைச் சொல்லிவிடுவது என்று. முழுக்க முழுக்க அவளுக்காகத்தான் சொல்கிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கோட்டை இடம் மாற்றியது நான். இடம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் அவரைச் சாகவிட்டது நான். பழியை அவள் தலையில் சுமத்தியதும் நான். அவளிடம் போய், கோட்டு பதினேழில் இல்லவே இல்லை, உன்மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். கடிதம், ஐனார் சமாச்சாரம் மட்டும் வேண்டாம். பாவம், அதையெல்லாம் கேட்டால் வேலையில் கவனம் சிதறிவிடும். நாளை ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை என்கிறார்கள். நாலு மணிக் காட்சிக்குள் அவளை அனுப்பிவிடுங்கள். நானும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்தைப் போட்டுவிட்டு, அதற்குள் திரும்பிவிடுவேன்.