குழாய்க்கு மாட்டிய முகக்கவசம்

எனக்கு அழுக்கு என்றால் ஆகாது, ஐயா. சட்டைக் காலரில் ஒரு கோடு விழுந்தாலும் அன்று சோறு இறங்காது. அப்படிப்பட்டவனைத்தான் அலுவலக மொட்டைமாடியில் இருக்கும் காற்றுமாசு அளக்கும் கருவிக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

அது ஒரு குழாய் வழியாகக் காற்றை இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உள்ளே ஒரு வெள்ளை வடிதாளில் படியும். படிந்த அளவு தெருமுனைப் பலகையில் எண்ணாக வரும். எண் ஏற ஏற ஆபத்து. வந்த முதல் வாரமே வடிதாளை எடுத்துப் பார்த்தேன். அடுப்புக்கரி தோற்றது. எனக்கு வயிறு எரிந்தது. பச்சைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டிய கருவியை இப்படியா புழுதி தின்ன விடுவது?

மருந்துக்கடையில் முகக்கவசம் வாங்கி வந்து குழாயின் வாயில் மாட்டினேன். குழாய்க்குக் காது இல்லை என்பதால் ரப்பர் வளையம் போட்டேன். வாரம் ஒருமுறை புதிதாக மாற்றினேன்.

மாட்டிய மறுநாளே பலகையில் இருபத்திரண்டு. மேலதிகாரி மாடியேறி வந்து முகக்கவசத்தைத் தடவிப் பார்த்தார். "நல்ல யோசனைங்க. மழைக்கும் தாங்கும்" என்றார். புகை அதிகம் என்று மூடிக் கிடந்த இரும்பு உலைக்கூடத்தைத் திறக்க அனுமதி கொடுத்தார்கள். எனக்குப் பாராட்டுப் பத்திரம் தந்தார்கள்.

உலைக்கூடத்துக்கு எதிர்வீடு என் அண்ணியுடையது. அண்ணன் போன பிறகும் என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவர் என்றால் எனக்கு உயிர். மூச்சிரைப்பு உள்ளவர் என்பதால் தினமும் காலையில் போன் செய்வார்.

"தம்பி, இன்னைக்கு ஜன்னலத் தொறக்கலாமாப்பா?"

பலகையைப் பார்த்துச் சொல்வேன். ஐந்து மாதம் ஜன்னல் திறந்தே இருந்தது.

போன செவ்வாய், அவர் உயிரோடு இருந்த கடைசிக் காலை, ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார். "முடியலப்பா. ஜன்னலச் சாத்திடவா? நீ சொல்றதுதான்."

"இருங்க அண்ணி, பாத்துட்டுச் சொல்றேன்" என்று மாடிக்கு ஓடினேன். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு.

திரும்ப மாட்டினேன். எண் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. நான் அவசரப்படவில்லை. பத்தொன்பது வந்த பிறகுதான் அண்ணியை அழைத்து, "தொறந்தே இருக்கட்டும்" என்றேன். அவரிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, ஐயா.